முடி கொட்டுதுன்னு விட்டமின் ஈ கேப்சூல் முழுங்குறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

முடி கொட்டுது, முகம் டல்லா இருக்கு, கண்ணுக்குக் கீழ கருவளையம்... எதைச் சொன்னாலும் இப்ப எல்லார்கிட்டயும் இருக்குற ஒரே பதில் விட்டமின் ஈ கேப்சூல். மெடிக்கல்ல சீட்டு எதுவும் இல்லாம ஒரு அட்டை வாங்கிட்டு வந்து தினம் ஒண்ணுன்னு மாசக்கணக்கா போடுறாங்க, காலேஜ் போற பிள்ளைங்கள்ல இருந்து பேரன் பேத்தி எடுத்தவங்க வரைக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு, அதான் எழுதுறேன்.

விட்டமின் ஈ வேணாம்னு சொல்லல. கட்டாயம் வேணும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லையும் சுத்தி கொழுப்பால ஆன சவ்வு இருக்கு, எண்ணெய் நாள்பட்டா சிக்கு வாடை அடிக்குமே அந்த மாதிரி இந்தக் கொழுப்பு கெட்டுப்போகாம காக்குறதுதான் இதோட முக்கியமான வேலை. நரம்புக்கும் வேணும், எதிர்ப்பு சக்திக்கும் வேணும். ஆனா எவ்வளவு வேணும்? பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம்னு அமெரிக்கக் கணக்கு. 400னு போட்டு விக்கிற கேப்சூல்ல அதைவிட பத்து மடங்குக்கு மேல இருக்கு. இது கொழுப்புல கரையிற விட்டமின் வேற, விட்டமின் சி மாதிரி மிச்சம் எல்லாம் சிறுநீர்ல சட்டுனு போயிடாது.

அதிகமா போட்டா என்னன்னு கேக்குறவங்களுக்கு: 2001ல அமெரிக்கா, கனடா பக்கம் 35,000 ஆம்பளைங்களுக்கு மேல வெச்சு ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, பேரு செலக்ட். விட்டமின் ஈயும் செலினியம்ங்கிற தாதுச்சத்தும் ப்ராஸ்டேட் கேன்சரைத் தடுக்கும்னு நம்பிதான் குடுத்தாங்க. பலன் தெரியலன்னு 2008ல மாத்திரையை நிறுத்திட்டாங்க. அப்புறமும் அவங்களைக் கவனிச்சு 2011ல பார்த்தா, தினம் 400 யூனிட் விட்டமின் ஈ மட்டும் எடுத்தவங்களுக்கு அந்த கேன்சர் 17 சதவீதம் அதிகமா வந்திருந்தது. தடுக்கும்னு குடுத்த மாத்திரைங்க அது!

இன்னொண்ணு, அளவு கூடினா ரத்தம் உறையிறதும் குறையும். எங்க பெரியம்மா இதய வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்குறாங்க. யாரோ சொன்னாங்கன்னு தோலுக்காக இந்தக் கேப்சூலும் சேர்த்துப் போட்டிருக்காங்க, வீட்ல யாருக்கும் தெரியாது. பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் நிக்கவே இல்லன்னு டாக்டர்கிட்ட போனப்பதான் வெளிய வந்துச்சு. விட்டமின்தானேம்மா, மாத்திரை கணக்குல வராதுன்னு நெனச்சேன்னு சொன்னாங்க. நெறைய பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்க.

முடி கொட்டுறதுக்கு முதல்ல ரத்தத்துல இரும்புச்சத்து, தைராய்டு பாருங்க. பெரிய காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொட்டுறது தானாவே நிக்கும். கேப்சூலை ஓட்டை போட்டு தழும்புல தடவுறதையும் நம்பாதீங்க, 1999ல ஆபரேஷன் தழும்புல தடவிப் பார்த்த ஒரு சின்ன ஆய்வுல பெருசா பலனும் இல்ல, மூணுல ஒருத்தருக்கு தோல் அலர்ஜி வந்துச்சு.

சாப்பாட்டுக்கு வருவோம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். சூரியகாந்தி விதை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் சாப்பிட்டா கிட்டத்தட்ட பாதி நாள் தேவை முடிஞ்சது. பாதாமும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனா விலை! வேர்க்கடலை அதே அளவுல 2 மில்லிகிராமுக்கு மேல தரும், சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதிலா ஒரு கைப்பிடி கடலை போதும். கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாத்துலயும் இருக்கு. தேங்காய் எண்ணெய்ல மட்டும் பேருக்குத்தான் இருக்கு, அதனால அது ஒண்ணுலயே சமைக்கிறவங்க கடலையும் கீரையும் கூடுதலா சேர்த்துக்கோங்க. கீரையை எண்ணெய் விட்டு தாளிச்சு சாப்பிடுங்க, கொழுப்பு இல்லாம இந்தச் சத்து உடம்புல சரியா சேராது. டயட்னு சொல்லி எண்ணெயே இல்லாம வேகவெச்சு சாப்பிடுறவங்க இதைக் கவனிங்க. பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்ப காய்ச்சினா இருக்குறதும் போயிடும்.

நெஜமாவே குறைபாடு வர்றது ரொம்ப அபூர்வம். பித்தநீர் அடைப்பு மாதிரி கொழுப்பு செரிக்காத வியாதி இருக்குறவங்க, சில பரம்பரைக் கோளாறு உள்ளவங்க, இவங்களுக்குத்தான். அப்ப நரம்பு பாதிச்சு நடை தள்ளாடும். அவங்களுக்கு மாத்திரை அவசியம். ஃபேட்டி லிவர் முத்தி, சர்க்கரை இல்லாத சிலருக்கும் டாக்டருங்க குடுக்குறாங்க. அப்படி எழுதிக் குடுத்ததை என் பதிவைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.

வீட்ல ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுக்குற பெரியவங்க இருந்தா இன்னைக்கே அவங்க மாத்திரை டப்பாவை ஒரு தடவை பாருங்க. இந்தக் கேப்சூல் கிடந்தா அடுத்த செக்கப்புக்கு அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா அதுவரைக்கும் காத்திருக்காம ஃபோன்லயே சொல்லிடுங்க.