சதவீதம் சொன்னால் சிரிப்பீர்களா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எந்தக் கூட்டம், எந்த நாவல், மேடையில் யார் என்பதெல்லாம் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. ஆனால் நேற்று ராத்திரி அந்த வீடியோத் துண்டைச் சிரிப்புச் சத்தத்தோடு வெட்டியெடுத்து, "செம டைமிங்" என்று ஆளாளுக்குப் பகிர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அக்கா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். (எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.) நாவலின் ஆரம்பத்தில் அந்த அம்மா, கணவன் எழுதிய கடைசிக் கடிதத்தைத் தான் பிரிக்கவே இல்லை என்கிறாள். பிற்பாடு மகளோடு வரும் சண்டையில் அதே கடிதத்தின் ஒரு வரியை வார்த்தை பிசகாமல் சொல்கிறாள். இது எழுதியவரின் கவனக்குறைவா, இல்லை அவள் அத்தனை வருஷமும் பொய் சொல்லியிருக்கிறாள் என்று வாசகர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமா? இதுதான் கேள்வி. மேடையிலிருந்து வந்தது: "எந்தப் பக்கம்மா?" அக்கா கையிலிருந்த கிண்டில் என்ற மின்னூல் கருவியைப் பார்த்து, "பக்கம் இதுல வராதுங்க, 43 சதவீதத்துல..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. "சதவீதமா? நாவல் படிச்சீங்களா, வட்டிக் கணக்குப் பார்த்தீங்களா?" அரங்கமே சிரித்தது. அக்காவும் சிரித்தார், வேறென்ன செய்வார். உட்கார்ந்துவிட்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சரி, கேள்விக்குப் பதில்?

மூன்று நாளாக இந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அது சும்மா ஜாலிக்குச் சொன்னது", "இதைப் போய் சீரியஸா எடுத்துக்கிட்டு" என்று ஆறுதல் சொல்கிறார்களே தவிர, பதிலை ஒருத்தரும் சொல்லவில்லை. பதில் தெரியாதபோது பக்க எண் கேட்பது நல்ல உத்தி. குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பக்க எண்ணையே எடுத்துக்கொள்வோம். அந்த அரங்கில் முதல் பதிப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கித் தடிமனைக் குறைத்து வந்த அடுத்த பதிப்பை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குள்ளேயே பக்க எண் ஒத்துப்போகாது. திருக்குறளை யாராவது பக்க எண் சொல்லி மேற்கோள் காட்டியிருக்கிறோமா? குறள் எண்தான். யார் எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் அது மாறாது. மின்னூலிலும் அதேதான். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மறுபடி ஓடி அமையும், அதனால் பக்கம் என்பது அங்கே நிலையாக இருக்க வழியில்லை. அதற்காகத்தான் கிண்டிலில் லொகேஷன் என்று ஒரு எண் வருகிறது. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது நகராது. இன்னொன்று: இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பில் அச்சுப் பதிப்பின் பக்க எண்களைச் சேர்ப்பதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பதிப்பாளர் மெனக்கெட்டிருந்தால் அக்காவின் கருவியிலேயே அச்சுப் பக்க எண் தெரிந்திருக்கும். மெனக்கெடவில்லை. அந்தச் சிரிப்பு போய்ச் சேர வேண்டிய இடம் அது.

அதுவும் வேண்டாம். 300 பக்கப் புத்தகத்தில் 43 சதவீதம் என்றால் 129-ஆம் பக்கம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வட்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

இந்தச் சிரிப்பில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், அந்தக் கேள்வியே அந்தக் கருவியால்தான் வந்தது. முதல் வாசிப்பில் அக்காவுக்கு எங்கோ இடறியிருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. தேடலில் "கடிதம்" என்று அடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு கடிதத்தை, கடிதத்தில், கடிதத்தோட என்று தனித்தனியாக அடித்திருக்கிறார். சில கருவிகளில் சொல்லின் முன்பாதியைக் கொடுத்தாலே எல்லா வடிவமும் வந்து நிற்கும், சிலவற்றில் முழுச் சொல்லாகக் கொடுத்தாக வேண்டும். தமிழில் தேடுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வேற்றுமை உருபு ஏறியதும் சொல் நழுவிவிடும். இப்படி அந்தக் கடிதம் நாவலில் வரும் ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, கோடிட்டு, குறிப்பு எழுதி, வரிசையாக வாசித்திருக்கிறார். அந்த அரங்கில் அப்படித் தயாரித்துக்கொண்டு வந்தவர் இன்னொருவர் இருந்தால் கை தூக்கட்டும். மேடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசித்தவரை வாசிக்காதவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

கருவி வைத்திருக்கிறவர்களிலும் பலர் இதையெல்லாம் தொடுவதே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய வாரத்தில் எங்கிருந்தோ ஆயிரம் புத்தகத்தைக் கொட்டி நிரப்புவார்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை அதில் போட்டுவிட்டு, "எழுத்து கடுகு மாதிரி தெரியுது, இதெல்லாம் வேலைக்காவாது" என்று டிராயரில் வைத்துவிடுவார்கள். ஐயா, பிடிஎஃப் என்பது பெரிய தாளுக்கென்று அளவெடுத்து உறைய வைத்த பக்கம். ஆறங்குலத் திரையில் அதைத் திணித்தால் கடுகாகத்தான் தெரியும். வேறு வழியே இல்லையென்றால் கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பி, ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டுப் படியுங்கள். ஸ்கேன் பக்கம் வெறும் படம், அதில் தேடவும் முடியாது. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுமுறைக்கு முந்தைய எழுத்துருவில் செய்த தமிழ்ப் பிடிஎஃப்பிலும் தேடல் வேலை செய்யாது. இபப் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிண்டிலுக்கு இபப் கோப்பை 2022-லிருந்து அப்படியே அனுப்பலாம், இன்னமும் மோபி என்ற பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கணினியில் காலிபர் இருந்தால் பாதித் தொல்லை தீரும். கோவித் கோயல் என்பவர் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. வடிவம் மாற்றும், ஒரே ஆசிரியர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக நிற்பதைத் திருத்தும். கருவியில் படித்துக்கொண்டிருப்பதையும் அடுத்துப் படிக்கப் போவதையும் மட்டும் வையுங்கள். ஆயிரம் புத்தகப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் படிக்கத் தோன்றாது.

கிண்டிலைக் கேபிள் போட்டுக் கணினியில் செருகினால் "மை கிளிப்பிங்ஸ்" என்று ஒரு சாதாரண உரைக்கோப்பு இருக்கும். நீங்கள் கோடிட்டது, எழுதியது எல்லாம் அதில் விழும். முதல் வரியில் புத்தகத்தின் பெயர், அடைப்புக்குறிக்குள் ஆசிரியர். அடுத்த வரியில் லொகேஷன் எண், தேதி, நேரம். அப்புறம் அந்த வாசகம். கீழே சமக்குறிகளாலேயே ஒரு கோடு. பிறகு அடுத்தது.

என் அப்பாவின் கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாதிக்கு மேல் ஒற்றைச் சொற்கள். "ஆனால்." "வந்தான்." "அப்படியே." பக்கம் திருப்பப் போய் விரல் அழுந்தி நின்றதில் கோடு விழுந்த சொற்கள். அவருக்கு விழித்திரையில் கோளாறு, கண்ணாடியால் சரிசெய்ய முடியாதது. அச்சுப் புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, லென்ஸை வரி வரியாக நகர்த்திப் பார்த்து, கடைசியில் "தலை வலிக்குது" என்று மூடி வைத்தவர். இப்போது கிண்டிலில் தடித்த எழுத்து, இருப்பதிலேயே பெரிய அளவு, பக்கத்துக்குச் சில வரிகள்தான். படிக்கிறார். அந்தக் கோப்பில் தவறி விழுந்த சொற்களுக்கு நடுவே, விடிகாலை இரண்டே முக்கால் மணி என்று நேரம் குறித்த ஒரு முழுப் பத்தி இருந்தது. அது தவறி விழுந்ததில்லை, வேண்டுமென்றே கோடிட்டது. தாளின் வாசனையைப் பற்றி அவரிடம் போய்ப் பேசுங்கள்.

வாசனை என்றதும் ஞாபகம் வருகிறது. "என்ன இருந்தாலும் புத்தகத்தைக் கையில் எடுத்து, புரட்டி, முகர்ந்து..." என்று பின்னூட்டம் வரும், தெரியும். முகருங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

"திரையைப் பார்த்தால் கண் கெடும்" என்பவர்களுக்கு: கிண்டில் போன்ற கருவிகளில் இருக்கும் மின்மைத் (இ-இங்க்) திரை செல்போன் திரை இல்லை. மிக நுண்ணிய குமிழ்களுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் இருக்கின்றன, மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் போதும், அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. அறை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பித்தான் எழுத்து தெரிகிறது, தாளில் போலவே. உள்விளக்கும் ஓரத்திலிருந்து திரையின் மேல்தான் படர்கிறது, உங்கள் கண்ணில் அடிப்பதில்லை. இதைச் செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே எனக்கு எழுதுகிறார்கள் என்பது தனி வேடிக்கை.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. "அது உங்கள் புத்தகமே இல்லை, வாடகை." உண்மை. 2009-இல் ஆர்வெல்லின் '1984' நூலை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் ஒரு பள்ளி மாணவனின் குறிப்புகள் பாழாகி, விஷயம் வழக்கு வரை போனது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்களும் கூடவே போயின. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. எனக்கும் கோபம்தான். பூட்டு இல்லாத கோப்பாகக் கிடைத்தால் அதையே வாங்குகிறேன், கிளிப்பிங்ஸ் கோப்பைத் தவறாமல் பிரதி எடுத்து வைக்கிறேன். இந்த வாதத்தோடு யாராவது எழுந்திருந்தால் நானே கை தட்டியிருப்பேன். அங்கே யாரும் இதைச் சொல்லவில்லையே. வட்டிக் கணக்கு என்றார்கள்.

ஒரு நண்பர் போன் செய்து, "அந்த அக்கா ஒரு அச்சுப் பிரதியும் கொண்டு வந்திருக்கலாம்ல?" என்றார். அக்காவுடைய விரல் மூட்டுகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. காரணம் சொன்னால்தான் ஒருவர் தனக்குத் தோதானதில் படிக்க முடியும் என்று ஆக்காதீர்கள். பார்வையற்றோருக்கு வேறு வடிவத்தில் புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 2013-இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உலக உடன்படிக்கையே போட்டார்கள், அதற்கு முதலில் ஏற்புறுதி கொடுத்த நாடு இந்தியா, 2014-இல். சட்டத்துக்குப் புரிந்தது இலக்கியக் கூட்டத்துக்குப் புரியவில்லை. விரல் நன்றாக இருந்தாலும் அவர் எதில் வேண்டுமானாலும் படிப்பார், அது வேறு விஷயம்.

அப்புறம் அந்த மேடையில் அன்று பொழிந்த சங்கப் பாடல் வரிகள். நானும் ரசித்தேன். ஆனால் அவசரத்துக்கு ஒரு பாடலைச் சரிபார்க்க நம்மில் முக்கால்வாசிப் பேர் எங்கே போகிறோம்? 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்துக்குத்தானே? முகம் தெரியாத தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றியது. உரை தயாரிக்கும்போது மின்னூல் வேண்டும். மேடை ஏறினால் தாள்தான் புனிதம்.

இதைவிட ஒன்று இருக்கிறது. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்பச் சத்தமாகச் சிரித்தவர், போன மாதம் அதே நாவலின் பிடிஎஃப் இருக்கிறதா என்று குழுவில் கேட்டவர். கிடைத்ததும் கும்பிடு பொம்மை போட்டவர். அக்கா காசு கொடுத்து வாங்கினார், அதில் எழுதியவருக்கு ஏதோ கொஞ்சம் போகும். திருட்டுப் பிடிஎஃப்பில் என்ன போகும்? ஆனாலும் அங்கே அவர் வாசகர், அக்கா வட்டிக்காரர். எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது. "மின்னூல் வந்து எழுத்தாளன் பிழைப்பே போச்சு" என்று அடுத்த கூட்டத்தில் பேசப் போவதும் இவர்களேதான், வேண்டுமானால் பாருங்கள்.

அக்கா இனி கூட்டத்துக்கு வர மாட்டேன் என்கிறார். "எனக்கென்ன, வீட்டில் படிச்சுக்கிறேன்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. அந்தக் கடிதம் வரும் இடங்களை எல்லாம் அவர் எழுதிய குறிப்புகளோடு எனக்கு அனுப்பியிருக்கிறார். அவர் சம்மதித்தால் இங்கே போடுவேன், லொகேஷன் எண்ணோடு. பக்க எண் வேண்டும் என்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மேடையில் இருந்தவர் பெரியவர், பொதுவில் இப்படி எழுதலாமா" என்று கேட்பவர்களுக்கு: பொதுவில்தானே சிரித்தீர்கள்.

இதைப் படித்துவிட்டு உள்பெட்டியில் அந்த நாவலின் பிடிஎஃப் கேட்கப் போகிறவர்களுக்கு: என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். முதல் ஆள் ஏற்கெனவே கேட்டாயிற்று.