முருங்கையிலைப் புரதம் மரபணுவை அணைக்குமா?

"முருங்கையிலைப் புரதம் கலத்துக்குள் போய்ப் புற்றுநோய் மரபணுவை அணைத்துவிடும், மருந்தே வேண்டாம்" என்றொரு செய்தி திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. சாப்பிடும் புரதம் வயிற்றிலும் குடலிலும் உடைந்து அமினோ அமிலங்களாகிவிடும்.

மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதி எடுப்பதை, அதாவது மரபணு இயங்குவதையும் அணைவதையும், கட்டுப்படுத்துபவை கலம் தானே செய்யும் புரதங்கள். அதுவும் ஒன்றையொன்று பிடித்தும் விட்டும்தான். 1979இல் கண்டறியப்பட்ட பி53 என்ற புரதம் நான்காகச் சேர்ந்து டி.என்.ஏ.யில் அமர்ந்து, கலப்பிரிவை நிறுத்தும் மரபணுக்களை இயக்கும். சாதாரண நேரத்தில் எம்.டி.எம்.2 என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு, இயங்க விடாமல் அழிவுக்கு அனுப்பிவிடும். டி.என்.ஏ. சேதமானால் அந்தப் பிடி தளரும். ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களில் பி53 மரபணுவே பழுதாகியிருக்கிறது. அங்கே பிரச்சினை ஒரு மரபணு அணையாததல்ல, பி53 இயங்காதது!

முருங்கையிலை வறை சத்தான கறி, தாராளமாகச் சாப்பிடலாம். கிளினிக்கில் தரும் மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.