ரீசெட் போட்டுடுங்கன்னு சொல்ற மகான்களுக்கு

என் போனை யாரோ வேவு பாக்குறாங்கன்னு ஒரு பொம்பள வாயைத் திறந்தா போதும், நாலா பக்கமும் ஒரே பதில்தான்: "ரீசெட் போட்டுடும்மா." மொபைல் கடைத் தம்பி அதைத்தான் சொல்றான். சித்தப்பா மகன் அதைத்தான் சொல்றான். புகார் குடுக்கப் போன ஸ்டேஷன்லயும் அதைத்தான் சொன்னாங்களாம். சாட்சியமே அந்த போனுக்குள்ளதான்யா இருக்கு! அதை அழிச்சிட்டு வான்னு ஸ்டேஷன்லயே சொன்னா எந்தச் செவுத்துல போய் முட்டிக்கிறது?

சரி, அழிச்சாச்சுன்னே வெச்சுக்குவோம். பிள்ளைங்க போட்டோ போச்சு, பேங்க் ஆப் போச்சு, யூபிஐயை முதல்லேர்ந்து போடணும். இவ்வளவும் பண்ணிட்டு எந்த ஜிமெயிலை வெச்சுத் திரும்ப உள்ள போவாங்க? வீட்டுக்காரர் ஆரம்பிச்சுக் குடுத்த அதே ஜிமெயில், அவருக்கு மனப்பாடமான அதே பாஸ்வேர்டு. வேவு பாக்குறவன் கூடவே குடியேறிடுவான்.

எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா. பேங்குக்குப் போயிட்டு வர்ற வழியில அம்மா வீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்திருக்காங்க, யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் வீட்டுக்காரர் காபியை ஆத்திக்கிட்டே கேக்குறார்: "உங்கம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" இன்னொரு நாள், வாட்ஸ்அப்ல ஃப்ரெண்டுக்கு அனுப்பின ஒரு வரியை வார்த்தை மாறாம திருப்பிச் சொல்லியிருக்கார். அதுக்கப்புறம்தான் போனை என் கையில குடுத்தாங்க.

ஆப் லிஸ்ட்டைக் கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்தா, பல்சக்கரப் படத்தோட "சிஸ்டம் சர்வீஸ்"னு ஒண்ணு பவ்யமா உக்காந்திருக்கு. ஹோம் ஸ்க்ரீன்ல அதுக்கு ஐகானே கிடையாது. உள்ள போனா மைக், எஸ்எம்எஸ், காண்டாக்ட்ஸ், எல்லாத்துக்கும் அனுமதி. லொகேஷனுக்கு மட்டும் "எப்போதும்". எங்கிருந்து வந்ததுன்னு கீழே பாத்தா பிளே ஸ்டோர் இல்ல, பிரவுசர்ல இறக்கின ஏபிகே, அதாவது ஆப்பை நேரா போன்ல ஏத்துற ஃபைல். கெட்ட ஆப் இருக்கான்னு கூகுள் பாக்குற பிளே ப்ரொடெக்ட் ஸ்கேனை ஏற்கெனவே அணைச்சு வெச்சிருக்கு. இதைப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அக்கா குளிச்சிட்டு வர்ற நேரம் போதும்.

எடுக்கிறதுக்கு? அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடக்கு, அமுக்கினா அசையல. ஏன்னா அது டிவைஸ் அட்மின் லிஸ்ட்ல, அதாவது போன் மேலயே தனி அதிகாரம் குடுத்த ஆப்களோட பட்டியல்ல, ஏறி உக்காந்திருக்கு. அங்க போய் அதோட அதிகாரத்தைப் பறிச்சாத்தான் நீக்கவே விடும். அந்த லிஸ்ட் எங்கடா இருக்குன்னா, ஒரு போன்ல செக்யூரிட்டிக்குள்ள, இன்னொண்ணுல பிரைவசிக்குள்ள, மூணாவதுல "கூடுதல் அமைப்புகள்"ங்கிற பாதாளத்துல. செட்டிங்ஸ் மேல இருக்கிற தேடல் பெட்டியில "டிவைஸ் அட்மின்"னு அடிச்சுத் தேடுங்க, வேற வழியில்ல.

அடுத்தது ஆக்சஸிபிலிட்டி. பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்க்ரீன்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்றதுக்காக வெச்ச வசதி. அந்த அனுமதி கிடைச்ச ஆப், ஸ்க்ரீன்ல என்ன வந்தாலும் படிச்சுக்கும். "வாட்ஸ்அப் என்க்ரிப்ட் பண்ணியிருக்கே"ன்னு கேக்குறவங்களே, அது வழியில போற மெசேஜுக்கு. ஸ்க்ரீன்ல வந்தப்புறம் அது வெறும் எழுத்துதான். அதோட, வர்ற நோட்டிஃபிகேஷனைப் படிக்கிற அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்குன்னும் ஒரு தடவை பாருங்க.

ஆனா இதையெல்லாம் கண்ட உடனே பிடுங்கிப் போடாதீங்க, சாமி. அந்த ஆப் அடங்கின அடுத்த நிமிஷம், அந்தப் பக்கம் தகவல் வர்றது நின்னுபோயி அவருக்குச் சந்தேகம் வந்துடும். அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல இருக்கப்போறது நானும் இல்ல, நீங்களும் இல்ல, அந்த அக்கா. அதனால முதல்ல என் போன்ல ஒவ்வொரு ஸ்க்ரீனையும் படம் எடுத்தோம், தேதியும் நேரமும் தெரியுற மாதிரி. எப்ப எடுக்கணும், எங்க இருந்துக்கிட்டு எடுக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணாங்க. இதைப் பத்தித் தேடிப் படிக்கிறதுகூட வேற போன்லதான். இதுல தேடினா அதுவும் அவர் கண்ணுல படும்.

இந்த லட்சணத்துல ரீல்ஸ் பண்டிதர்கள் வேற! "*#21# போட்டுப் பாருங்க, போன் ஹேக் ஆயிருக்கான்னு தெரிஞ்சிடும்." அது காட்டுறது உங்களுக்கு வர்ற கால் வேற நம்பருக்குத் திரும்புதான்னு மட்டும்தான். *#62# போட்டா, உங்க போன் கிடைக்காதப்ப கால் எங்க போகும்னு காட்டும். வேவு ஆப் இருந்தாலும் இல்லாட்டியும் ரெண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும். இந்த மாதிரி ஸ்டார், ஹேஷ் நம்பர் அடிச்சுக் காலை வேற நம்பருக்குத் திருப்புறதை வெச்சு மோசடி நடக்குதுன்னு, 2024 ஏப்ரல் 15-லேர்ந்து அதையே நிறுத்தி வைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டாச்சு. இவங்க இன்னும் பின்னணி இசையோட அதையே ஓட்டுறாங்க.

பாதிக் கேஸ்ல வேவு ஆப்பே இருக்காது, அதான் கொடுமை. வாட்ஸ்அப்ல "இணைக்கப்பட்ட சாதனங்கள்"னு ஒண்ணு இருக்கு. போனைக் கொஞ்ச நேரம் கையில வாங்கி க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டா, லேப்டாப்ல உக்காந்து எல்லாத்தையும் படிக்கலாம். கூகுள் மேப்ஸ்ல லொகேஷன் ஷேரிங் இருக்கு. கூகுள் கணக்குல எந்தெந்தப் போன் உள்ள நுழைஞ்சிருக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஐபோன்ல பெரும்பாலும் ஐகிளவுட், அதாவது ஆப்பிள் கணக்கோட பாஸ்வேர்டுதான் ஓட்டை. அதுக்கு ஐஓஎஸ் 16-லேர்ந்து "சேஃப்டி செக்"னு ஒண்ணு குடுத்திருக்காங்க, யார் யாருக்கு என்னென்ன போகுதுன்னு ஒரே இடத்துல பாத்து வெட்டிவிடலாம். ஆண்ட்ராய்டுல ஊரெல்லாம் சுத்தணும். பாஸ்வேர்டை மாத்தும்போது பழைய மீட்பு நம்பர், மீட்பு இமெயில் யாரோடதுன்னு பாத்து மாத்துங்க. அது அவர் நம்பரா இருந்தா மாத்தினதும் ஒண்ணுதான், மாத்தாததும் ஒண்ணுதான்.

கம்பெனிக்காரன் ஏன் இதையெல்லாம் சுலபமாக்கல? அவன் மட்டும் யோக்கியமா? லொகேஷன் ஹிஸ்டரியை அணைச்சாலும் கூகுள் வேற வழியில இடத்தைச் சேமிக்குதுன்னு 2018-ல அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்துச்சு. 2022-ல அமெரிக்காவுல 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் குடுத்துத்தான் அந்த விவகாரத்தை முடிச்சாங்க. டார்ச் அடிக்கிற ஆப் ஒண்ணு இருப்பிடத்தை விளம்பரக்காரங்களுக்கு அனுப்பினதுக்கு 2013-லயே அந்த நாட்டு வர்த்தக ஆணையத்துகிட்ட மாட்டிச்சு.

இந்த வேவு ஆப் விக்கிறவன் விளம்பரத்தைப் பாருங்க: "உங்க குழந்தையின் பாதுகாப்புக்கு." பிள்ளைக்குப் போடுற ஆப்புக்கு ஐகானை எதுக்குடா ஒளிச்சு வெக்கிறே? அக்கா வீட்டுக்காரரும் அதே பாட்டுதான், "உன் பாதுகாப்புக்குத்தான் போட்டேன்." பாதுகாப்புன்னா அவர் போன்லயும் ஒண்ணு போட்டு அக்கா கையில குடுக்கட்டுமே!

புருஷன் பொண்டாட்டி விஷயம், பேசித் தீத்துக்கோங்கன்னு அனுப்புற ஸ்டேஷன்காரங்களுக்கு ஒண்ணு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 78. ஒரு பொண்ணோட இன்டர்நெட், இமெயில், வேற எந்த மின்னணுத் தொடர்பையும் ஒரு ஆம்பள கண்காணிச்சா அது குற்றம், முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். புருஷனுக்கு விலக்குன்னு அதுல எங்கயும் எழுதல. பொண்ணுங்களுக்கு 181-னு உதவி எண் இருக்கு, முதல்ல அங்க பேசுங்க. எடுத்த படத்தையெல்லாம் பிரின்ட் போட்டு, மனுவை எழுதியே குடுங்க. புகாரை வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கிற சி.எஸ்.ஆர் ரசீது கையில வர்ற வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சை விட்டு எந்திரிக்காதீங்க. "ரைட்டர் வெளிய போயிருக்கார், நாளைக்கு வாம்மா"ம்பாங்க. வரட்டும், வெயிட் பண்றோம்னு சொல்லுங்க.