லப்டொப் ஓடும், ரவுட்டர் ஓடுமா?

2020 மார்ச் 20 ஊரடங்கோடு வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் வந்தது, லப்டொப்பும் இணையமும் இருந்தால் மட்டக்களப்பிலிருந்தே கொழும்பு வேலையைப் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். உண்மைதான். ஆனால் கரண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் ஓடும்; இணையத்தை வீட்டுக்குள் பகிரும் ரவுட்டர் அணைந்துவிடும். சூம் கூட்டம் அறுவது அங்கேதான்.

இதற்குப் பெரிய யூபிஎஸ் (கரண்ட் போனால் பற்றரியிலிருந்து மின் கொடுக்கும் பெட்டி) தேவையில்லை. ரவுட்டருக்கென்றே வரும் சின்ன டிசி (நேர்மின்னோட்ட) யூபிஎஸ் போதும். வாங்குமுன் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 அம்பியர் என்றிருக்கும். சிலது 9 வோல்ட். அதில் 12ஐக் கொழுவினால் ரவுட்டர் கருகலாம். பெட்டியில் 8800 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணித்தியாலம், பற்றரியின் கொள்ளளவு) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு, அதாவது சுமார் 32 வாட் மணித்தியாலம். 12 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது ஏற்படும் இழப்புப் போக 27 வாட் மணித்தியாலம் அளவில்தான் மிஞ்சும். 8 வாட் இழுக்கும் ரவுட்டருக்கு 3 மணித்தியாலம் சொச்சம். ஃபைபர் இணைப்பு வந்து சேரும் பெட்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்று இன்னொரு வில்லங்கம். ரவுட்டரில் கொழுவும் லேன் கேபிள் முனையின் தகடுகளில் பச்சை பிடிக்கும். செக்கனுக்கு 1000 மெகாபிட்டில் ஓடவேண்டிய இணைப்பு 100க்கு விழும், அல்லது விட்டுவிட்டு அறும். இணையக் கம்பனியைத் திட்டமுதல் அந்த முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புது முனை அடியுங்கள்.