மாதக் கடைசியில் தள்ளிவிட்ட சரக்கு விற்பனையில் சேராது

வேகமாக வளரும் பாக்கெட் உணவு பிராண்டுகளில் திட்டமிடல் என்றால் பெரும்பாலும் ஒரு எக்செல் தாள்தான். போன மாதம் இவ்வளவு இன்வாய்ஸ் போட்டோம், இந்த மாதம் அதோடு 20 சதவீதம் சேர்த்துக்கொள், அதற்கேற்ப மூலப்பொருள் வாங்கு. ஆனால் அந்த இன்வாய்ஸ் கணக்கு சொல்வது டிஸ்ட்ரிபியூட்டர் குடோனுக்குள் எவ்வளவு போனது என்பதை மட்டும்தான். கடையில் யாராவது காசு கொடுத்து வாங்கினார்களா என்பது அதில் இருக்காது.

டார்கெட்டை முடிக்க மாதக் கடைசியில் நிறைய எடுத்தால் தள்ளுபடி என்று ஒரு ஸ்கீம் விடுகிறோம், டிஸ்ட்ரிபியூட்டர் ஆறு வாரச் சரக்கை ஒரேயடியாக எடுத்து அடுக்கிக்கொள்கிறார், அடுத்த மாதம் அவரிடமிருந்து ஆர்டரே வராது, அதற்குள் இங்கே உற்பத்தியை ஏற்றி, ஆள் சேர்த்து, மூலப்பொருளுக்கு முன்பணமும் கொடுத்திருப்போம். சாப்பிடுகிறவர் என்னவோ எப்போதும்போல வாரத்துக்கு ஒரு பாக்கெட்தான் வாங்கிக்கொண்டிருப்பார். தேவையில் வரும் சின்ன அசைவு தொழிற்சாலைவரை போவதற்குள் பெரிய அலையாகிவிடும் என்று அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் ஜே ஃபாரஸ்டர் 1950களின் கடைசியிலேயே விளக்கிவிட்டார். இத்தாலியின் பாஸ்தா நிறுவனமான பாரில்லாவில் 1980களில் இதேதான் நடந்தது. பாஸ்தா தேவை ஏறக்குறைய சீராக இருந்தும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆர்டர்கள் வாரத்துக்கு வாரம் தாறுமாறாக ஆடின. உங்கள் ஆர்டர் வேண்டாம், தினசரி விற்பனையும் இருப்பும் சொல்லுங்கள், எவ்வளவு அனுப்புவது என்று நாங்கள் முடிவு செய்கிறோம் என்று பாரில்லாக்காரர்கள் அவர்களிடம் போய் நின்றார்கள். டிஸ்ட்ரிபியூட்டர்கள் மறுத்தார்கள், சரி, அது எதிர்பார்த்ததுதான். சொந்த விற்பனைப் பிரிவே எதிர்த்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி!

உணவில் இந்த ஆட்டம் ஏன் கூடுதலாக வலிக்கிறது என்றால், தேதி. 9 மாத ஆயுள் உள்ள பொருள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கடைகள் பலவும் சரக்கு வரும்போது ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மிச்சம் வேண்டும் என்று கேட்கும். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது 3 மாதம்தான். பரிசோதனை, குடோன், லாரி, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஸ்கீமில் தள்ளிய ஆறு வாரச் சரக்கு அதில் பாதியைத் தின்றுவிடும். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்ற கணக்கும் இங்கே போதாது, முதலில் காலாவதியாவதுதான் முதலில் போக வேண்டும்.

அப்புறம் பாக்கெட் ஃபிலிம். மூலப்பொருள் தீர்ந்தால் எங்காவது புரட்டிவிடலாம், அச்சிட்ட ரோலை அப்படிப் புரட்ட முடியாது. உருளையில் படத்தைச் செதுக்கி அச்சிடும் கிராவியர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர், அதனால் குறைந்தபட்ச ஆர்டரும் பெரிதாக இருக்கும். லேபிளில் ஒரு வரி மாறினாலும் மிச்ச ரோல் வீண். புதுச் சுவை ஒவ்வொன்றும் இந்தத் தலைவலியை ஒருமுறை கூட்டுகிறது, அதை மார்க்கெட்டிங் மீட்டிங்கில் யாரும் பேசுவதில்லை. விற்பனை நிலைக்கும்வரை பாக்கெட்டுக்குக் கூடக் கொடுத்தாவது சிலிண்டர் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் கொஞ்சமாக அடிப்பதே மேல் என்பது என் கட்சி.

“எப்போதும் ஸ்டாக் இருக்க வேண்டும்” என்று சொல்வது சுலபம். வழக்கமான கணக்குப்படி, ஸ்டாக் தீராமல் இருக்கும் வாய்ப்பை 95 சதவீதத்திலிருந்து 99 ஆக்க, பாதுகாப்பு இருப்பை, அதாவது தேவை திடீரென ஏறினால் சமாளிக்க வைத்திருக்கும் கூடுதல் சரக்கை, சுமார் 40 சதவீதம் கூட்ட வேண்டும். நன்றாக ஓடும் நாலைந்து பொருளுக்கு அதைச் செய்யலாம். எல்லாவற்றுக்கும் செய்தால் பணம் குடோனில் தூங்கும், பிறகு எக்ஸ்பயரி ஆகும்.

டிஸ்ட்ரிபியூட்டர் டேட்டா தரமாட்டார் என்பார்கள். எல்லோரிடமும் கேட்க வேண்டாம், அதிகம் எடுக்கும் ஐந்து பேரிடம் மட்டும் கேளுங்கள். வாரம் ஒருமுறை மிச்ச ஸ்டாக், பேட்ச் தேதியோடு, வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தாலே போதும். கூடவே விற்பனை ஆட்களின் இன்சென்டிவை டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து கடைக்குப் போகும் அளவோடு கட்டுங்கள். இன்வாய்ஸ் மேல் இன்சென்டிவ் இருக்கும்வரை மாதக் கடைசி ஸ்கீம் நிற்காது.