ஒரு கூடாரமும் ஒரு கத்தியும்

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு '40 கன்ஸ் டு அப்பாச்சி பாஸ்' பார்த்தேன். 1967-இல் வந்த கௌபாய் படம். பத்தாவது நிமிடத்திலேயே மீதிக் கதை எனக்குத் தெரிந்துவிட்டது. கண்டிப்பான கேப்டன், முணுமுணுக்கும் சிப்பாய்கள், அவர்களுக்குள் ஒரு துரோகி, எப்படியாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டிய நாற்பது ரைஃபிள்கள், எதிரே அமெரிக்கப் பழங்குடித் தலைவர் கொச்சீஸும் அவருடைய அப்பாச்சி இனத்தாரும்.

சிக்கனமாக எடுத்ததில் எனக்குக் குறையே இல்லை. இயக்குநர் வில்லியம் விட்னி வாரத் தொடர்ப் படங்களில் கை பழகியவர். குதிரை ஓடினால் ஓடுவது தெரியும், அடி விழுந்தால் விழுவது தெரியும். அரைத்த மாவென்றாலும் தோசை தோசைதான்.

எரிச்சல் தலைப்பின்மேல்தான். அதில் வரும் அப்பாச்சி பாஸ், அதாவது அப்பாச்சி கணவாய், அமெரிக்காவின் அரிசோனாவில் உண்மையிலேயே இருக்கிறது. 1861 பிப்ரவரியில் ஜார்ஜ் பாஸ்கம் என்ற இளம் அமெரிக்க ராணுவ லெப்டினன்ட் அங்கே கூடாரம் அடித்து, கொச்சீஸைப் பேச அழைத்தார். கொச்சீஸோ மனைவி, பிள்ளைகள், சகோதரர் என்று குடும்பத்தோடு வந்தார். சண்டைக்கு வருகிறவர் பிள்ளைகுட்டியோடா வருவார்? பண்ணைச் சிறுவன் ஒருவனை நீதான் கடத்தினாய் என்றார் பாஸ்கம். கடத்தியது வேறொரு அப்பாச்சிக் கூட்டம். தேடித் தருகிறேன் என்று கொச்சீஸ் சொன்னார். பையன் வரும்வரை நீ கைதி என்று பதில் வந்தது. கத்தியால் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு அவர் தப்பினார், குடும்பம் மாட்டிக்கொண்டது. பிறகு இரு தரப்பும் பிணைக்கைதிகளைக் கொன்றன. ராணுவம் தூக்கிலிட்டவர்களில் அந்தச் சகோதரரும் ஒருவர். பாஸ்கம் மறு ஆண்டே நியூ மெக்ஸிகோவில் வேறொரு போரில் இறந்தார். கொச்சீஸுடன் சமாதானம் ஏற்பட 1872 ஆயிற்று. அந்தச் சிறுவனோ அப்பாச்சிகளிடமே வளர்ந்து, பின்னாளில் மிக்கி ஃப்ரீ என்ற பெயரில் அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளரானான்! எந்தக் கதாசிரியருக்குத் தோன்றும் இது?

படமோ கணவாயின் பெயரையும் கொச்சீஸின் பெயரையும் கடன் வாங்கிக்கொண்டு, துப்பாக்கிப் பெட்டிகளின் பின்னால் ஓடுகிறது.

கேப்டனாக நடித்தவர் ஆடி மர்பி. நிஜ வாழ்க்கையில் இரண்டாம் உலகப் போர் வீரர். 1945 ஜனவரியில், பிரான்ஸில், எரிந்துகொண்டிருந்த கவச வண்டியின்மேல் ஏறி நின்று ஜெர்மானியப் படையைத் தனியாளாகத் தடுத்தவர். போர் முடிந்தும் தூக்கம் வராமல், தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துப் படுத்தவர். நாற்பதைத் தாண்டியும் பையன் முகம். கண் மட்டும் கிழவருடையது. அவருக்கு இங்கே கிடைத்ததெல்லாம் அதட்டல் வசனம்.

பாஸ்கம் வேடத்தைக் கொடுத்து அவரை அந்தக் கூடாரத்துக்குள் உட்காரவைத்திருக்கலாம். எதிரே கொச்சீஸ். அரைமணி நேரம் இருவரும் பேசட்டும். செலவும் குறைந்திருக்கும்: ஒரு கூடாரம், ஒரு கத்தி.