பழவேற்காட்டுத் தகடு

போன வாரம் பழவேற்காட்டில், லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் ஒரு தகடு கரை ஒதுங்கியது. வெள்ளைப் பெயிண்ட், ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள். பத்தே நிமிஷத்தில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் படம்: "மலேசிய விமானம் நம்ம கரையில்!" 2014 மார்ச்சில் காணாமல் போன எம்.எச்.370-ஐத்தான் சொல்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை தாண்டி, தெலுங்குத் தலைப்போடு எனக்கே திரும்பி வந்தது.

நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிற என் மாமா தகட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு கொட்டலசுகூட ஒட்டல. இதுவாடா பத்து வருஷம் கடல்ல கெடந்துச்சு?" கொட்டலசு என்றால் கடலில் கிடக்கும் எதிலும் ஒட்டி வளர்கிற ஓடுள்ள சின்ன உயிர்.

2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் ஒதுங்கிய விமான இறக்கைத் துண்டில் கொட்டலசு அப்பிக் கிடந்தது. அதற்காக யாரும் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. துண்டுக்குள் இருந்த எண்ணைத் தயாரித்தவர்களின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, செப்டம்பரில்தான் பிரான்ஸ் அதிகாரிகள் "எம்.எச்.370 தான்" என்றார்கள்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 2014 மார்ச்சில் செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்களும் தேடிப் பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டபோது, ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததை எல்லாம் குறித்தவன்தான். பெரும்பாலும் அலை நுரையாக இருந்திருக்கும். 239 பேர் போன விமானத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாக அன்று ஒரு கிறுகிறுப்பு.

பெரிய மனுஷர்களுக்கும் அந்தக் கிறுகிறுப்பு வந்தது. அந்த ஏப்ரலில் கடலுக்கடியில் கேட்ட சத்தம் கறுப்புப் பெட்டியுடையதுதான் என்று ஆஸ்திரேலியப் பிரதமரே மிகுந்த நம்பிக்கையோடு பேசினார். பெட்டியின் கருவி 37.5 கிலோஹெர்ட்ஸில் கத்த வேண்டியது. காதில் விழுந்ததோ சுமார் 33. இந்த இடைவெளிக்கு ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். மே மாதக் கடைசியில், அங்கே விமானம் இல்லை என்று கைவிட்டார்கள். அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில் ஒரு தனியார் கம்பெனி, விமானம் நம்ம வங்கக் கடலில் கிடப்பதாகச் சொல்ல, வங்கதேசக் கடற்படை கப்பல் அனுப்பித் தேடியது. ஒன்றுமில்லை.

இன்னொன்று எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் பெரிய உருளை ஒன்று ஒதுங்கியது. கொட்டலசு நிறைய. உடனே எம்.எச்.370 என்று கிளப்பினார்கள். கடைசியில் பார்த்தால், அநேகமாக இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு என்றது அந்த நாட்டு விண்வெளி நிறுவனம். எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பின சாமான்! மாமாவின் கொட்டலசுக் கணக்கு அங்கே செல்லாது. ரொம்ப நாள் கடலில் கிடந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, என்ன பொருள் என்பதற்கு இல்லை. இதைச் சொன்னதும் மாமா முறைத்தார்.

என்னை யோசிக்க வைத்தது 2024 ஜனவரி. ஒரே மாதத்தில் இரண்டு சோனார் செய்திகள், அதாவது ஒலியை அனுப்பிக் கடலடியைப் பார்க்கிற கருவி பற்றியவை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று, 1937-ல் பசிபிக்கில் காணாமல் போன அமெரிக்கப் பெண் விமானி அமேலியா ஏர்ஹார்ட்டின் விமானம் போல ஒரு உருவம் கிடைத்ததாகப் படம் வெளியிட்டது. உலகமே பகிர்ந்தது. நவம்பரில் திரும்பப் போய்ப் பார்த்தால், பாறை.

இன்னொன்று நம்முடையது. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பி, காணாமல் போன விமானப்படை விமானம் ஏ.என்.-32. அதில் எட்டுப் பேர் விசாகப்பட்டினம் கடற்படைக் கிடங்கு ஊழியர்கள். ஏழரை வருஷம் கழித்து, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி.யின் ஆளில்லாக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்களைப் படம் பிடித்தது. சோனாரோடு நிற்காமல் கேமராவிலும் எடுத்தார்கள். ஏ.என்.-32 விமானத்தோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போன பதிவு உண்டா என்றும் பார்த்தார்கள், இல்லை. இவ்வளவுக்கும் பிறகு பாதுகாப்பு அமைச்சக அறிக்கையில் எழுதியது, அந்த விமானத்துடையதாக "இருக்கலாம்" என்றுதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்களை நம்புகிறேன். எங்கள் குரூப்பில் "இருக்கலாம்" என்று போட்டால் ஒருத்தரும் பார்வர்டு பண்ண மாட்டார்கள்.

நம்ம தகடு? மூன்றாம் நாள் கூனங்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். "ண்ணா, இது எம் போட்டு ஐஸ் பெட்டி மூடி." மாமா விடவில்லை, "எப்டிடா நம்பறது?" என்றார். அவர் பையிலிருந்து நான்கு போல்ட்டை எடுத்து, கீல் இருந்த இடத்தில் ஒவ்வொன்றாகச் செருகினார். நான்கும் சரியாக உட்கார்ந்தன. மாமாவே ஒரு முனையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.